எதிர்ப்பக்கம் வெறுமையான சபை

51 ஆசனங்கள் கொண்ட ஒரு சபை. 51 ஆசனங்களிலும் ஒரே கட்சியின் உறுப்பினர்கள். இத்தகைய தேர்தல் முடிவு மத்திய ஆசியக் குடியரசொன்றிலிருந்து வந்திருக்குமாயின், மேற்குலகப் பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கும் என்பதை வாசகர்கள் நன்கறிவர். கண்காணிப்பாளர்கள் அறிக்கை விட்டிருப்பார்கள். ஆசிரிய தலையங்கங்கள் ஜனநாயகத்தின் எதிர்காலம் குறித்துக் கவலை தெரிவித்திருக்கும். ஆனால் இந்த முடிவு வந்தது லண்டனிலிருந்து. வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றக் கட்டிடத்தின் வாசலில் நிலக்கீழ் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய பார்க்கிங் அன்ட் டகெனம் பரோ சபையிலிருந்து. அதுவும் ஒருமுறை அல்ல. 2010, 2014, 2018, 2022 என்று தொடர்ச்சியாக நான்கு தேர்தல்களில்.

இதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலைப்படாதது மட்டுமன்றி, நம்மவரில் பலர் அதனைக் கொண்டாடியும் இருக்கிறார்கள். இனவாதக் கட்சியொன்றை ஓட ஓட விரட்டிய சபை, புலம்பெயர்ந்தோரின் பாதுகாப்பு அரண் என்றெல்லாம் லண்டனில் வாழும் தமிழ் நண்பர்கள் எழுதியவற்றை நான் வாசித்திருக்கிறேன். அவர்களது மகிழ்ச்சியின் முதற்பாதியில் எனக்கும் பங்குண்டு. இரண்டாவது பாதியை நான் மறுக்கிறேன். இனவாதிகளின் தோல்வி வேறு. எதிர்க்கட்சியே இல்லாத சபை வேறு. முன்னதைக் கொண்டாடுகிற அவசரத்தில் பின்னதையும் சேர்த்துக் கொண்டாடுவது அறியாமை. பெரும்பான்மையின் எண்ணிக்கைப் பலத்தால் நசுக்கப்பட்ட வரலாற்றைச் சுமந்து வந்த ஓர் இனத்தவரிடம் அந்த அறியாமை மன்னிக்கத்தக்கதல்ல.

ஒரு தொழிலாளர் நகரின் கதை

பார்க்கிங் என்றதும் வாகனத் தரிப்பிடம் நினைவுக்கு வருவோருக்காகச் சிறிது வரலாறு. கிழக்கு லண்டனின் புறத்தே, தேம்ஸ் நதியின் வடகரையில் உள்ளது இந்தப் பரோ. முதலாம் உலகப் போரின் பின்னர், லண்டனின் நெரிசலான சேரிகளில் வாழ்ந்தோருக்காக லண்டன் கவுண்டி சபை 1921 முதல் 1935 வரை இங்கு பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டியது. ஏறத்தாழ 26,000 வீடுகள். உலகின் மிகப் பெரிய பொது வீடமைப்புத் திட்டமாக அது அன்று விளங்கியது. 1931இல் டகெனத்தில் ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1950களில் அங்கு சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள். சம ஊதியம் கோரி 1968இல் அங்கு தையற்பகுதிப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் பிரித்தானியத் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம்.

வேலையும் வீடும் தொழிற்சங்கமும் ஒன்றுசேர்ந்த அந்த மண்ணில் தொழிற்கட்சி வேரூன்றியதில் வியப்பில்லை. இன்றைய லண்டன் பரோக்களுக்கான முதலாவது தேர்தல் 1964இல் நடைபெற்றது. அன்று முதல் 2022 வரை நடைபெற்ற ஒவ்வொரு தேர்தலிலும் இந்தச் சபையைத் தொழிற்கட்சியே வென்றது. 1968இல் லண்டனின் 32 பரோக்களில் 28ஐக் கன்சர்வேட்டிவ் கட்சி வாரிச் சுருட்டியபோதும், தொழிற்கட்சியின் கையில் எஞ்சிய மிகச் சில சபைகளுள் பார்க்கிங் ஒன்றாக இருந்தது.

ஆனால் வேர் உலர்ந்ததை மரம் உடனே காட்டுவதில்லை. 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போர் விலைக்கு வாங்கும் உரிமையை வழங்கியது. வாங்கியவர்கள் வாங்கினார்கள், விற்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. 2002இல் டகெனத்தில் கார் உற்பத்தி நின்றது. இயந்திர உற்பத்தி மாத்திரம் எஞ்சியது. தந்தைக்குக் கிடைத்த வேலை மகனுக்கு இல்லை. பாட்டிக்குக் கிடைத்த வீடு பேத்திக்கு இல்லை. அதே காலத்தில், லண்டனில் ஒப்பீட்டளவில் மலிவான வீடுகள் இங்கிருந்தமையால் வெளியிலிருந்து மக்கள் வந்து குடியேறினர். 2001ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பில் இந்தப் பரோவின் மக்களில் 80.9 வீதமானோர் வெள்ளைப் பிரித்தானியர். 2011இல் அது 49.5 வீதமாகவும் 2021இல் 30.9 வீதமாகவும் குறைந்தது. இத்தனை வேகமான மாற்றத்தை எந்த ஊரும் பேசிப் பேசியே செரிக்க வேண்டும். பேசுவதற்கு உரிய இடம் சபை. அந்தச் சபையில் ஆளுங்கட்சிக்குச் சமனான குரல் எதுவும் பல தசாப்தங்களாக இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில் நுழைந்ததுதான் பிரித்தானிய தேசியக் கட்சி, அதாவது பி.என்.பி.

12இலிருந்து பூச்சியத்துக்கு

2004 செப்டெம்பரில் கோர்ஸ்புரூக் வட்டாரத்தில் நடந்த இடைத்தேர்தலில் பி.என்.பி. பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றது. 1993இல் ஐல் ஒஃப் டொக்ஸ் பகுதியில் கிடைத்த வெற்றிக்குப் பின்னர் லண்டனில் அக்கட்சிக்குக் கிடைத்த முதலாவது சபை ஆசனம் அது. ஆபிரிக்கர்கள் இந்தப் பரோவில் வீடு வாங்குவதற்கு 50,000 பவுண் வழங்கப்படுகின்றது என்ற அப்பட்டமான பொய்யைத் துண்டுப்பிரசுரமாக அச்சிட்டு வீடு வீடாகப் போட்டார்கள். வீடில்லாதவனிடம் 'உன் வீட்டை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்வதைவிடக் கொடிய பொய் வேறில்லை.

2006 ஏப்ரலில், பார்க்கிங் தொகுதியின் தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் மார்கரெட் ஹொட்ஜ், தான் சந்திக்கும் வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களில் பத்தில் எட்டு பி.என்.பி.க்கு வாக்களிக்கும் எண்ணத்தில் இருப்பதாகப் பகிரங்கமாகக் கூறினார். அவ்வாறு கூறியதே அக்கட்சிக்கு விளம்பரமாயிற்று என்று அவரது சொந்தக் கட்சியினரே சினந்தனர். மே மாதத் தேர்தலில் பி.என்.பி. 13 வேட்பாளர்களையே நிறுத்தியது. அவர்களில் 12 பேர் வென்றார்கள். தொழிற்கட்சிக்கு 38, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 1. பிரித்தானியத் தலைநகரின் சபையொன்றில் பாசிசப் பாரம்பரியத்தில் வந்த கட்சி பிரதான எதிர்க்கட்சியாயிற்று.

அதன் பின்னர் நடந்தது பாராட்டுக்குரிய போராட்டம். தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இனவாத எதிர்ப்பு இயக்கத்தினரும் தெருத் தெருவாக இறங்கினர். பார்க்கிங்கில் பிறந்த பாடகர் பில்லி பிராக் ஊருக்குத் திரும்பி வந்து பிரசாரம் செய்தார். 2010 மே 6ஆம் திகதி பொதுத்தேர்தலும் உள்ளூராட்சித் தேர்தலும் ஒரே நாளில் நடந்தமையால் வாக்களித்தோர் தொகை பெருகியது. பி.என்.பி.யின் 12 ஆசனங்களும் பறிபோயின. பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்ட அக்கட்சியின் தலைவர் நிக் கிரிஃபின் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

இதுவரை எல்லோரும் அறிந்த கதை. எவரும் சொல்லாத பகுதி ஒன்றுண்டு. அன்று பார்க்கிங் பாராளுமன்றத் தொகுதியில் மாத்திரம் 6,620 பேர் கிரிஃபினுக்கு வாக்களித்தார்கள். 14.6 வீதம். அந்த 6,620 பேரும் மறுநாட் காலை மறைந்துவிடவில்லை. அவர்களுடைய வீட்டுப் பிரச்சினையும் மறையவில்லை. மறைந்தது சபையில் இருந்த அடையாளம் மட்டுமே. அவர்களோடு சேர்த்து, கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கும் ஏனையோருக்கும் வாக்களித்த, இனவாதத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற மக்களின் அடையாளமும் மறைந்தது. நோயைத் தீர்த்ததாகச் சொல்லி வெப்பமானியை உடைத்தெறிந்த கதையாயிற்று.

வாக்கு எப்படி ஆசனமாகிறது?

இந்த வித்தை எப்படி நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். 2010 முதல் 2018 வரையான தேர்தல்களில் பரோ 17 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வட்டாரம் ஒன்றுக்கு மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். அதிக வாக்குப் பெற்ற மூவர் தெரிவாவர். பெரும்பாலோர் தமது மூன்று வாக்குகளையும் ஒரே கட்சிக்கே இடுவர்.

ஓர் உதாரணத்துக்கு, ஒரு வட்டாரத்தில் முதற்கட்சிக்கு 45 வீதமும் இரண்டாவது கட்சிக்கு 35 வீதமும் மூன்றாவது கட்சிக்கு 20 வீதமும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆசனங்களும் முதற்கட்சிக்கே. எஞ்சிய 55 வீதத்தினருக்குப் பூச்சியம். இதே கணக்கு 17 வட்டாரங்களிலும் திரும்பத் திரும்ப நிகழுமாயின் 51க்கு 51. கள்ள வாக்கு வேண்டாம், வாக்குப்பெட்டி கடத்தல் வேண்டாம், குண்டர்கள் வேண்டாம். சட்டமே போதும்.

இதே சட்டம்தான் 2006இல் பி.என்.பி.க்கும் கைகொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 13 பேரை நிறுத்தி 12 பேரை வெல்லவைத்த முறை விகிதாசார முறையல்ல. ஒரு தேர்தலில் ஊதிப் பெருப்பிப்பதும் அடுத்த தேர்தலில் அடியோடு துடைப்பதும் இந்த முறையின் இரு முகங்கள்.

2014இல் என்ன நடந்தது? பி.என்.பி. தேய்ந்துபோன இடத்தில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி எழுந்து, பரோவில் வாக்குகளின் அடிப்படையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஆசனம் ஒன்றுமில்லை. சபை மண்டபத்தில் அமைதி நிலவியது. இரண்டே ஆண்டுகளில், 2016 ஜூன் மாதத்தில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதா என்ற கேள்விக்கு இந்தப் பரோவின் வாக்காளரில் 62.4 வீதமானோர் 'வெளியேறுவோம்' என்றார்கள். லண்டனின் 32 பரோக்களில் ஐந்து மாத்திரமே அவ்வாறு வாக்களித்தன. தலைமை ஐரோப்பாவில் இருக்கவே விரும்பிய கட்சியின் 51 உறுப்பினர்கள் அமர்ந்திருந்த சபை அது. மக்கள் ஒரு திசையிலும் மன்றம் வேறொரு திசையிலும் நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2018இலும் 2022இலும் வாக்களித்தோர் தொகை பதிவுசெய்யப்பட்ட வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்கு எவர் போவார்? மக்களின் சோம்பலைக் குறைகூறுவோர் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

தன் வழக்குக்குத் தானே நீதவான்

'நல்லாட்சி நடந்தால் எதிர்க்கட்சி எதற்கு?' என்று கேட்போர் இருக்கிறார்கள். இடித்துரைக்க எவருமில்லாத ஆட்சியாளன் பகைவர் வந்து கெடுக்காமலே கெட்டுப்போவான் என்ற எச்சரிக்கை வள்ளுவரின் காலத்திலேயே சொல்லப்பட்டது. ஆயினும் நவீன சபையின் இயக்கத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பின்னர் இங்கிலாந்தின் பெரும்பாலான சபைகளில் தலைவரும் சிறிய அமைச்சரவை போன்ற ஒரு குழுவும் தீர்மானங்களை எடுக்கின்றனர். ஏனைய உறுப்பினர்களின் பணி அத்தீர்மானங்களைத் துருவி ஆராய்வது. அதற்கென ஆய்வுக் குழுக்கள் உள்ளன. தீர்மானமொன்றை மீளாய்வுக்கு அழைக்கும் அதிகாரம் அவற்றுக்குண்டு. ஆனால் ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒரே கட்சி, ஒரே கட்சிக் கொறடாவின் கட்டுப்பாடு, அடுத்த தேர்தலில் வேட்பாளர் நியமனத்துக்கு ஒரே கதவைத் தட்ட வேண்டியவர்கள் என்றால் அந்த ஆராய்ச்சி எப்படியிருக்கும்?

இதிலுள்ள முரண்நகையைப் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் உள்ளூராட்சி மற்றும் வீடமைப்புச் சட்டத்தின்படி, சபையின் குழுக்களில் கட்சிகளுக்கான இடங்கள் சபையில் அவற்றுக்குள்ள ஆசனங்களின் விகிதப்படி பகிரப்பட வேண்டும். குழுவுக்குள் விகிதாசாரம் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் சட்டம், வாக்குக்கும் ஆசனத்துக்கும் இடையில் அதே நியாயத்தை மறுக்கின்றது. வாசலில் கொள்ளையடிக்கவிட்டு, உள்ளே சென்றபின் பங்கீட்டில் நேர்மை பார்ப்பது போன்றது இது.

2015இல் தேர்தல் சீர்திருத்தச் சங்கம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் மிஹாய் ஃபசேகஷ் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டது. சபைகளின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து, ஒரு கட்சியின் ஏகபோகத்தில் உள்ள சபைகளில் போட்டி குறைந்த ஒப்பந்த நடைமுறைகள் அதிகம் என்றும், நாடு முழுவதும் அதனால் இழக்கப்படும் சேமிப்பு ஏறத்தாழ 260 கோடிப் பவுண் என்றும் அது மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான்; குறிப்பிட்ட எந்தச் சபைக்கும் எதிரான குற்றச்சாட்டு அல்ல. பார்க்கிங் சபையில் ஊழல் என்று நானும் சொல்லவில்லை. தொழிற்கட்சி மீது எனக்கு வன்மமும் இல்லை. கன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டைகளிலும் இதே நோய்தான். காவலாளி இல்லாத களஞ்சியத்தில் நெல் குறையவில்லை என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது என்பதே என் வாதம்.

'இனவாதிகளுக்குக் கதவு திறப்பதா?'

விகிதாசாரம் என்ற சொல்லை உச்சரித்ததும் எழும் எதிர்வாதம் ஒன்று உண்டு. 'அப்படியானால் பி.என்.பி. போன்றவர்கள் உள்ளே வந்துவிடுவார்களே!' இது புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. 2008இல் லண்டன் பேரவைத் தேர்தலில் 5.3 வீத வாக்குகளுடன், விகிதாசாரப் பட்டியல் வழியாக, பார்க்கிங் சபையில் பி.என்.பி. குழுத் தலைவராக இருந்த ரிச்சர்ட் பார்ன்புரூக் பேரவைக்குள் நுழைந்தார். உண்மை. ஆனால் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும். உள்ளே வந்தவர் தமது பகுதியில் நடக்காத கொலைகளை நடந்ததாகக் காணொளியில் கூறினார். முறைப்பாடு செய்யப்பட்டு, விசாரிக்கப்பட்டு, 2009இல் ஒரு மாதம் இடைநிறுத்தப்பட்டார். 2012 தேர்தலில் பேரவையில் அக்கட்சிக்கு இருந்த ஒரேயொரு ஆசனமும் போயிற்று. தெருவில் சொன்ன பொய்க்குத் தண்டனையில்லை. சபைக்குள் வந்தவரின் பொய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விகிதாசாரம் 25 ஆசனங்களில் ஒன்றைக் கொடுத்தது. வட்டார முறையோ 51இல் 12ஐக் கொடுத்தது. எது ஆபத்து?

அதே பிரித்தானியாவுக்குள்ளேயே மாற்றுவழி இருக்கின்றது. ஸ்கொட்லாந்தில் 2007 முதல் உள்ளூராட்சித் தேர்தல்கள் விருப்புவாக்கை மாற்றிக் கணக்கிடும் விகிதாசார முறையில் நடக்கின்றன. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். மூன்று ஆசன வட்டாரத்தில் வெல்வதற்கு ஏறத்தாழ கால்வாசி வாக்குகள் தேவை. பிறரால் வெறுக்கப்படும் கட்சிக்கு இரண்டாம், மூன்றாம் விருப்பு கிடைப்பது கடினம். அந்த முறையில் பி.என்.பி. அங்கு ஒரு சபை ஆசனத்தையும் வென்றதில்லை. கிளாஸ்கோ நகரசபையில் 2003இல் பழைய முறையில், பாதிக்கும் குறைவான வாக்குகளுடன், தொழிற்கட்சி 79இல் 71 ஆசனங்களைப் பெற்றிருந்தது. 2007இல் அது 45 ஆகியது. ஆட்சி கைமாறவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் 34 பேர் வந்து அமர்ந்தார்கள். வேல்ஸில் 2021ஆம் ஆண்டின் சட்டம் சபைகள் விரும்பினால் இந்த முறையைத் தெரிவுசெய்ய இடமளித்துள்ளது. இங்கிலாந்துக்கு மட்டும் அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை.

வட அயர்லாந்து இன்னும் ஆழமான பாடம். டெரி நகரில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்தும், வட்டார எல்லைகளை வளைத்து வரைந்ததன் மூலம் 20 ஆசனங்களில் 12ஐ யூனியனிஸ்டுகள் வைத்திருந்தார்கள். அந்த அநீதியை 1969இல் கமரன் ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. 1973 முதல் அங்கு சபைத் தேர்தல்கள் விகிதாசார முறையில் நடக்கின்றன. பிளவுபட்ட சமூகத்துக்குத் தொகுதிவாரி முறை பொருந்தாது என்பது லண்டனுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைத் தன் வீட்டு முற்றத்தில் செய்ய மனமில்லை.

நாம் ஏன் பேச வேண்டும்?

'இங்கிலாந்தின் உள்ளூர்க் கணக்கு இலங்கைப் பத்திரிகையாளனுக்கு எதற்கு?' என்று கேட்கக்கூடும். காரணம் இரண்டு.

முதலாவது, அந்தக் கணக்கை நாம் உடலில் பட்டு அறிந்தவர்கள். பிரித்தானியர் விட்டுச்சென்ற தொகுதிவாரி முறையின் கீழ் 1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றது. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்கள். வடக்கு கிழக்கில் 18 ஆசனங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அன்று பாடசாலைச் சிறுவனாக இருந்த எனக்கு, பெரியவர்கள் அதனை வெற்றியாகப் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அது எத்தகைய வெற்றி என்பதைக் காலம் காட்டியது. ஆறில் ஐந்து பெரும்பான்மை கையிலிருந்தவர்கள் 1978இல் அரசியலமைப்பை மாற்றினார்கள். 1982 டிசெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, தேர்தலே இல்லாமல் அதே பாராளுமன்றத்தை 1989 வரை நீடித்துக்கொண்டார்கள். இடையில் 1983 ஜூலை வந்தது. கட்டுப்படுத்த எவருமில்லாத பெரும்பான்மை என்ன செய்யும் என்பதற்கு நாம் புத்தகம் தேட வேண்டியதில்லை.

விகிதாசாரம் சர்வரோக நிவாரணி என்று நான் கூறவில்லை. 2018 பெப்ரவரியில் இலங்கையில் கலப்பு முறையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காமல் தவிசாளர் தெரிவு இழுபறியானது. உறுப்பினர் தொகை 8,000ஐத் தாண்டியது. அந்த இழுபறியில் எரிச்சலுற்றவர்களில் நானும் ஒருவன். ஆயினும் இழுபறி என்பது ஒருவர் மற்றவரிடம் கேட்டே ஆகவேண்டிய நிலை. கேட்கவே தேவையில்லாத நிலையைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது காரணம், வாக்குரிமை. ஐக்கிய இராச்சியத்தில் சட்டபூர்வ வதிவிட அனுமதியுடன் வாழும் பொதுநலவாய நாட்டவர், பிரித்தானியப் பிரஜாவுரிமை பெறாவிடினும், அங்குள்ள தேர்தல்களில் வாக்களிக்கலாம். இலங்கையரும் இந்தியரும் மலேசியரும் இதில் அடங்குவர். ஆனால் அந்த உரிமையை நம்மவர் எப்படிப் பயன்படுத்துகின்றனர்? தமிழர் ஒருவர் சபை உறுப்பினராகிவிட்டால் மாலை, பொன்னாடை, கோயில் திருவிழாவில் முன்வரிசை. அவர் சபையில் என்ன பேசினார், எந்தத் தீர்மானத்தை எதிர்த்தார், வீடமைப்புக் காத்திருப்புப் பட்டியல் பற்றி என்ன கேள்வி எழுப்பினார் என்று எவரும் கேட்பதில்லை. பாதுகாப்பான வட்டாரத்தில் அவரது உண்மையான தேர்தல் மே மாதத்தில் நடப்பதில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னதாகக் கட்சிக் கிளையின் சிறிய அறையொன்றில் முடிந்துவிடுகின்றது. அந்த அறைக்கு விசுவாசமாக இருப்பவரிடம் தெருவுக்கு விசுவாசம் எதிர்பார்ப்பது எப்படி?

நமக்கு ஆதரவான கட்சியின் கையில் முழுச் சபையும் இருப்பது நமக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவோருக்கு இறுதியாக ஒன்று. 51க்கு 51ஐ இன்று நமது நண்பனுக்கு வழங்கும் முறை, காற்று மாறினால் நாளை நமது பகைவனுக்கும் அதையே வழங்கும். 2006இல் பி.என்.பி. எல்லா வட்டாரங்களிலும் வேட்பாளரை நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று நம்மைக் காத்தது தேர்தல் முறையல்ல. அக்கட்சியின் வேட்பாளர் பஞ்சமும் ஊர் மக்களின் உழைப்பும்தான்.

ஆகவே லண்டன் வாழ் தமிழ் அன்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான். உங்கள் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியினராயினும், இங்கிலாந்தின் சபைகளுக்கு விகிதாசார முறையை ஆதரிக்கிறாரா என்று கேளுங்கள். சபையில் தனது சொந்தக் கட்சியின் எந்தத் தீர்மானத்தை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை பொன்னாடையை மடித்து அலுமாரியில் வையுங்கள்.